கோட்டுச்சேரிமேட்டில் எட்டுப் புதுமுகங்கள்

காரைக்காலுக்குப் போகிறேன் என்று ஆபீஸில் லீவ் லெட்டர் நீட்டிப் பாருங்கள். இரண்டே விதமான ரியாக்ஷன்தான் வரும். "ஏழரையா சார்?" என்று அனுதாபமாக ஒன்று. "வரும்போது நமக்கும் ஒண்ணு..." என்று கண்ணடித்துக்கொண்டு இன்னொன்று. திருநள்ளாறு சனீஸ்வரனும் மலிவான மதுக்கடைகளும் சேர்ந்து அந்த ஊருக்கு வேறு பெயரே இல்லாமல் பண்ணிவிட்டார்கள். கோழி பார்க்கப் போகிறேன் என்றால் யார் நம்பப் போகிறார்கள்?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி என்று ஒவ்வொன்றாகத் தாண்டி நண்டலாறு வந்தால் தமிழ்நாடு முடிகிறது. போலீஸ்காரர் தலையில் சிவப்பாக ஒரு பிரெஞ்சுத் தொப்பி உட்கார்ந்துகொள்கிறது. நாலா பக்கமும் பார்த்தால் கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. ஆனால் தலைநகரம் சுமார் 130 கிலோமீட்டர் வடக்கே புதுச்சேரியில். 1739-ல் தஞ்சாவூர் மராட்டிய மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் வாங்கிய துண்டு இது. 1954 நவம்பர் 1-ம் தேதி நிர்வாகம் நம் கைக்கு வந்தது. காகிதமெல்லாம் சரியாகி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16. ஒரு துண்டு நிலத்தைப் பெரிய கூட்டத்தோடு சேர்க்கவே ஏறக்குறைய எட்டு வருஷம் ஆகியிருக்கிறது. எட்டுக் கோழியை ஒரே நாளில் சேர்த்துவிடலாம் என்று நினைத்தான் பாருங்கள் என் நண்பன், அவனை என்ன சொல்ல!

நண்பனுக்குச் சொந்த ஊர் கோட்டுச்சேரிமேடு. மெயின் ரோட்டில் கோட்டுச்சேரியில் இறங்கிக் கடலைப் பார்த்துக் கிழக்கே போக வேண்டும். காரைக்கால் கடற்கரை முழுக்க இந்த மாதிரி மீனவ கிராமங்கள்தான். அக்கம்பேட்டை, கோட்டுச்சேரிமேடு, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு என்று ஒரே மேடு மேடாக இருக்கிறதே, மலை கிலை இருக்குமோ என்று தேடாதீர்கள். டெல்டாவில் ஒரு முழம் உயரம் கூடுதலாக இருந்தால் அது மேடு!

நான் போனது மே மாதக் கடைசியில். மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரை முழுக்க விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் முட்டையிட்டுப் பெருகுகிற காலம். நண்பனின் அப்பா விசைப்படகில் போகிறவர். அந்த இரண்டு மாதமும் அவர் வீட்டு நிழலில் உட்கார்ந்து வலை பின்னுகிறார், பீடி பிடிக்கிறார், மறுபடி வலை பின்னுகிறார். அரசாங்கம் நிவாரணத் தொகை கொடுக்கிறது. அது வருகிறபோது வரும். அதுவரை வீட்டில் தினசரி சம்பாதிக்கிறவர்கள் யார் என்று கேட்டால் கொல்லையில் நிற்கிற பத்துப் பெட்டைகள்தான். கூட ஒரு சேவல் உண்டு. அதற்கு உத்தியோகம் இருக்கிறது, சம்பளம் கிடையாது.

நாட்டு முட்டை ஒன்று பதினைந்து ரூபாய்க்குக் குறையாமல் போகிறது. நாட்டுக்கோழி வருஷத்துக்கு 60, 80 முட்டை போடும். நாமக்கல் பண்ணைக் கோழி முந்நூறைத் தாண்டும். ஆனால் பண்ணைக் கோழிக்குத் தீவனமும் கொட்டகையும் வேண்டும். நாட்டுக்கோழி தானே பொறுக்கித் தின்று, தானே அடை காத்து, தானே குஞ்சை வளர்த்து, சாயங்காலம் தானே வீட்டுக்கு வந்துவிடும். நம்மில் எத்தனை பேர் அப்படி?

அந்தப் பத்தில் நாலு கிழடு தட்டிவிட்டது, முட்டை குறைந்துவிட்டது என்று அம்மா போனில் சொல்லியிருக்கிறார். பையன் உடனே ஏப்ரல் கடைசியில் லீவு போட்டுப் போய், சந்தையில் மூன்று மாத வெடைக்குஞ்சு எட்டை வாங்கிக் கூடையில் போட்டு, 'அம்மா, சர்ப்ரைஸ்!' என்று கொல்லையில் இறக்கப் போயிருக்கிறான். அம்மா துடைப்பத்தோடு குறுக்கே வந்துவிட்டார்.

"வாசப்படிய தாண்டுன... காலை ஒடிச்சிடுவேன்!"

காலை ஒடிப்பது கோழிக்கா மகனுக்கா என்று தெரியாமல் கூடையை வாசலிலேயே வைத்துவிட்டான்.

கோபத்துக்குக் காரணம் உண்டு. சில வருஷத்துக்கு முன்னால் அதே தெருவில் ஒரு வீட்டில் சந்தைக் கோழி மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி வந்து அப்படியே கொல்லையில் திறந்துவிட்டார்கள். நாலாம் நாள் ஒன்று தலையைத் தொங்கப் போட்டது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது. கழுத்து முறுக்கிக்கொண்டது. பத்து நாளில் தெருவில் சேவல் கூவுவது நின்றுவிட்டது.

"அலாரம் வச்சிதான் தம்பி எழுந்திரிச்சோம். சுனாமிக்கு அப்புறம் அப்படி ஒரு விடியல் அப்பதான் பாத்தோம்" என்றார் அம்மா.

2004 டிசம்பர் 26 இந்தக் கரையைச் சும்மா விடவில்லை. முகாமிலிருந்து திரும்பியபோது கொல்லையில் ஒரு இறகுகூட இல்லையாம். உள்ளே நெல் விளைகிற ஊரிலிருந்து அம்மாவின் அத்தை ஒருவர் அடைக்கோழி ஒன்றும் பதினோரு முட்டையும் கூடையில் வைத்துக் கொடுத்தனுப்பியிருக்கிறார். தெருவில் கழிச்சல் வந்தபோது இரண்டு பெட்டைகளை மட்டும் அம்மா தூக்கிக்கொண்டு போய் வேறு ஊரில் வைத்துக் காப்பாற்றினார். இப்போது நிற்கிற பத்தும் அந்த வம்சம். சந்தைக் கூடை வாசலோடு நின்றதற்கு இது போதாதா?

அந்த வியாதிக்குத் தமிழில் வெள்ளைக்கழிச்சல். புத்தகத்தில் ராணிக்கெட் நோய். குமாவுன் மலையில் உள்ள ராணிக்கெட்டில் 1920-களின் கடைசியில் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர். ஏறக்குறைய அதே சமயத்தில் இங்கிலாந்தில் நியூகாஸில் நகரத்திலும் பார்த்தார்கள், அங்கே அது நியூகாஸில் நோய். வைரஸ் ஒன்று, விலாசம் இரண்டு! வந்துவிட்டால் மருந்து இல்லை. வருவதற்கு முன்னால் தடுப்பூசி மட்டும்தான்.

குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நாலாவது வாரத்தில் மறுபடி சொட்டு, எட்டாவது வாரத்துக்கு மேல் இறக்கையில் ஊசி. இதுதான் கணக்கு. ஆனால் நாலு கோழி வைத்திருப்பவருக்கு ஒரு சங்கடம். ஒரு புட்டியைத் திறந்தால் நூறு கோழிக்கு, இருநூறு கோழிக்கு மருந்து. கரைத்தால் இரண்டொரு மணி நேரத்தில் போட்டு முடிக்க வேண்டும், மிச்சம் பிடிக்கக் கூடாது. அதனால் அம்மா என்ன செய்கிறார் என்றால், முதல் நாளே தெரு முழுக்கச் சொல்லிவிடுகிறார். விடியற்காலையில் கூட்டைத் திறக்காமல் எல்லாரும் காத்திருக்கிறார்கள். மருந்து ஐஸில் வருகிறது. மீனவ கிராமத்தில் ஐஸுக்கா பஞ்சம்! நூறு கோழிக்கும் ஒரே காலையில் ஊசி. தன் வீட்டுக் கோழிக்கு மட்டும் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வது பிரயோஜனம் இல்லை என்பது கழிச்சல் வருஷம் சொல்லிக்கொடுத்த பாடம்.

சந்தை எட்டும் முதலில் போனது அம்மாவின் தங்கை வீட்டுக் கொல்லைக்கு. தங்கை கோழி வளர்ப்பதில்லை, அதுதான் தகுதி. அங்கே மூன்று வாரம். இரண்டாம் நாள் பேனுக்கு வைத்தியம், பிறகு குடற்புழு மருந்து, பிறகு ஊசி. தினமும் அம்மா முதலில் தன் கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டுத்தான் அங்கே போவார். திரும்பி வந்தால் காலைக் கழுவாமல் கொல்லைக்குள் நுழைய மாட்டார். நோய் செருப்பில் ஏறி வரும் என்று கால்நடை மருத்துவர்கள் கரடியாகக் கத்துகிறார்கள். செருப்பே போடாத அம்மா அதைக் காலுக்கு மாற்றிக்கொண்டார்.

கடைசி ஐந்தாறு நாள் பழைய கூட்டத்திலிருந்து ஒரு கிழட்டுப் பெட்டையைப் பிடித்துப் புதுசுகளோடு விட்டிருக்கிறார். புதுசுகள் தெம்பாக இருந்தாலும் உள்ளே வியாதியைச் சுமக்கலாம். கிழவி சுருண்டால் தெரிந்துவிடும். ஒன்று போனாலும் ஒன்பது மிச்சம். கேட்கக் கொஞ்சம் கல் நெஞ்சாகத்தான் இருந்தது. கிழவி சுருளவில்லை, நன்றாகத் தின்று இன்னும் பெருத்துவிட்டது.

எட்டில் ஒன்று சேவல்குஞ்சு. "ஒரு தெருவுக்கு ரெண்டு ராசா ஆவாது" என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார். நான் போன அன்று மதியம் அந்த இளவரசர் குழம்பில் இருந்தார். தேங்காய் அரைத்துவிட்டு, மிளகு தூக்கலாக... சரி, விஷயத்துக்கு வருவோம்.

மீதி ஏழும் அப்போது அம்மாவின் சொந்தக் கொல்லைக்கு வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஆனால் நடுவில் வலை. நாலு சவுக்குக் கம்பு நட்டு, பழைய வலையை இரண்டு மடிப்பாக இழுத்துக் கட்டி, பழசுகள் பார்க்கலாம், கொத்த முடியாது என்கிற ஏற்பாடு. வலைக் கண்ணி பெரிதாக இருந்தால் கோழிக் கால் மாட்டிக்கொள்ளும், அதனால் மடிப்பு. முதல் இரண்டு நாள் பழசுகள் வலையருகில் வந்து கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு மிரட்டின. மூன்றாம் நாள் சலித்துப் போய்த் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டன.

இந்த மிரட்டலை நோட்டுப் புத்தகம் வைத்து ஆராய்ந்த ஒரு நார்வேக்காரர் உண்டு. தோர்லெய்ஃப் ஷெல்டெருப் எப்பே. சின்னப் பையனாக இருக்கும்போதே வீட்டுக் கோழிகளில் எது எதைக் கொத்துகிறது என்று குறித்துக்கொண்டே வந்தார். 1922-ல் அதைப் பற்றி ஜெர்மன் மொழியில் கட்டுரை எழுதினார். கோழிக் கூட்டத்தில் ஒரு வரிசை இருக்கிறது. முதல் கோழி எல்லாரையும் கொத்தும், இரண்டாவது கோழி முதலைத் தவிர எல்லாரையும் கொத்தும், கடைசிக் கோழி வாங்கிக் கட்டிக்கொள்ளும். சில சமயம் முக்கோணமும் உண்டு: முதலாவது இரண்டாவதைக் கொத்தும், இரண்டாவது மூன்றாவதை, மூன்றாவது முதலாவதை! ஆபீஸில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வரிசை ஒருமுறை முடிவாகிவிட்டால் சண்டை குறைந்துவிடும், ஒரு முறைப்பு போதும். ஆனால் ஒருவரையொருவர் அடையாளம் தெரிந்தால்தான் அது நிற்கும். கோழி கோழியை முகத்தையும் கொண்டையையும் பார்த்துத்தான் அடையாளம் வைத்துக்கொள்கிறது. முன்பின் தெரியாத முகம் வந்தால் கணக்கு முதலிலிருந்து ஆரம்பம். வலைக்கு அப்பால் ஒரு வாரம் என்பது அந்தப் பழக்கத்துக்குத்தான்.

சனிக்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு அம்மா டார்ச்சை எடுத்தார். கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. பழசுகள் கூட்டுக்குள் கம்பில் ஏறி உட்கார்ந்து, தூக்கத்தில் பஞ்சு மூட்டை மாதிரி ஆகியிருந்தன. ஏழையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பழசுகளுக்கு நடுவில் கம்பில் வைத்தார். ஒரு 'கொர்ர்', அவ்வளவுதான். சங்கிலியை மாட்டிவிட்டு, "காலையில அஞ்சு மணிக்கு எந்திரிங்க தம்பி, வேடிக்கை இருக்கு" என்றார்.

கூடவே ராவோடு ராவாகக் கொல்லையையே மாற்றிவிட்டார். தீனிச் சட்டி ஒன்று இருந்த இடத்தில் நாலு மூலைக்கு நாலு. தண்ணீரும் மூன்று இடத்தில். வெயில் அப்படி. ஓலைத் தட்டி இரண்டைச் சாய்த்து, உடைந்த கூடை ஒன்றைக் கவிழ்த்து, துரத்தினால் ஓடி ஒளிய இடம். காலையில் பழசுகள் வெளியே வந்தபோது அதுகளுக்கே ஊர் புதுசாக இருந்தது!

விடிந்ததும் நான் எதிர்பார்த்தது மேனேஜரம்மாவின் தாக்குதலை. கழுத்தில் இறகில்லாத பெரிய பெட்டை ஒன்று, அதுதான் முதல் இடம். அது வந்தது, புதுசுகளை மேலும் கீழும் பார்த்தது, ஒன்றை ஒப்புக்கு ஒரு தட்டு தட்டியது, தவிட்டுச் சட்டிக்குப் போய்விட்டது. ரத்தக்களரி பண்ணியது யார் தெரியுமா? சாம்பல் நிறத்தில் நோஞ்சானாக ஒன்று. இத்தனை வருஷம் கடைசி வரிசையில் நின்று எல்லாரிடமும் கொத்து வாங்கியது. தனக்குக் கீழே ஏழு பேர் வந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் அதற்கு வந்த வீராப்பு இருக்கிறதே! ஒன்றைத் துரத்தி, கொண்டையைப் பிடித்து, அதன் மேலேயே ஏறி நின்றது.

"சாதாரண கொத்துக்கு நடுவுல போவக்கூடாது தம்பி. நாம போயி பிரிச்சா நாளைக்கு மறுபடி முதல்லேருந்து அடிச்சிக்கும். ஆனா ரத்தம் வந்துச்சுன்னா போய்டணும்" என்றார் அம்மா.

கொண்டை ஓரத்தில் ரத்தம் வந்தது. சிவப்பைக் கண்டால் மற்ற கோழிகளும் அங்கேயே கொத்தும். அம்மா அந்தக் குட்டியைத் தூக்கி, மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவி, மேலே அடுப்புக்கரியைப் பூசி சிவப்பை மறைத்தார். பிறகு செய்ததுதான் எனக்குப் பிடித்தது. அடி வாங்கியதைப் பிரித்து வைக்கவில்லை. அடித்த சாம்பல்காரியைப் பிடித்துப் பஞ்சாரத்தில் கவிழ்த்தார். இரண்டு நாள் சஸ்பென்ஷன்! அடிபட்டது அரை மணியில் மறுபடி கூட்டத்துக்குள். அடிபட்டதைப் பிரித்து வைத்தால், திரும்பி வரும்போது அது மறுபடி புதுமுகம். அடித்ததைப் பிரித்தால், திரும்பி வரும்போது தன் இடம் எதுவென்று அதற்கே சந்தேகம் வந்துவிடும்.

தீனியில் ஒரு சூட்சுமம். முட்டையிடும் கோழிக்கு ஓடு கெட்டியாகச் சுண்ணாம்புச் சத்து நிறைய வேண்டும். முட்டையிடாத வெடைகளுக்கு அவ்வளவு போனால் சிறுநீரகம் கெட்டுவிடும். எல்லாரும் ஒரே சட்டியில் தின்றால் என்ன செய்வது? அம்மா தவிடு, நொய், கருக்காய் நெல் எல்லாவற்றையும் பொதுவாக வைக்கிறார். கிளிஞ்சலை இடித்துத் தனிச் சட்டியில் ஓரமாக வைத்துவிடுகிறார். வேண்டியது தேடிப் போய்த் தின்கிறது, வேண்டாதது எட்டிப் பார்ப்பதில்லை. பக்கத்து ஊருக்குப் பெயரே கிளிஞ்சல்மேடு, சரக்குக்கு என்ன குறை! மீன் கழிவும் போடுவது உண்டு. அளவு மீறினால் முட்டையில் வாடை அடிக்கும், அப்புறம் டீக்கடைக்காரர் வாங்க மாட்டார்.

புதுசுகளில் இரண்டுக்குக் கால் நல்ல மஞ்சள். இந்த மஞ்சளுக்குப் பின்னால் ஒரு பிரெஞ்சுக்காரர் இருக்கிறார். பியர் சொன்னெரா என்று புதுச்சேரியில் பிரெஞ்சு அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். 1782-ல் வெளியான தன் பயண நூலில் நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்துச் சாம்பல் காட்டுக்கோழியைப் பற்றி எழுதி, வீட்டுக்கோழிக்கு இதுதான் மூதாதை என்றார். அந்தக் கோழியின் விஞ்ஞானப் பெயரிலேயே இவர் பெயர் ஒட்டிக்கொண்டது. பின்னால் வந்தவர்கள் அதை மறுத்தார்கள். மூதாதை தென்கிழக்கு ஆசியச் சிவப்புக் காட்டுக்கோழிதான் என்றார்கள். மனிதர் தோற்றுப்போனார் என்று இருந்தபோது, 2008-ல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகளின் மரபணு ஆராய்ச்சி வந்தது: வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலுக்கான மரபணு மட்டும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது! எப்போதோ ஒரு காட்டுக்கோழி வீட்டுக்கூட்டத்தில் கலந்திருக்கிறது. யார் டார்ச் பிடித்துக் கம்பில் வைத்தார்களோ!

இதை அம்மாவிடம் சொன்னேன். "மஞ்சக்காலுக்கு இருபது ரூவா கூட போவும்" என்றார். அந்த விஷயத்தில் அவருக்கு விஞ்ஞானம் தேவைப்படவில்லை.

நான் ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே கிளம்பிவிட்டேன். அப்புறம் நடந்ததெல்லாம் நண்பன் மூலமாக, கேண்டீனில் டீ குடிக்கும்போது தவணை முறையில் வந்தது. செவ்வாய்க்கிழமை சாம்பல்காரி விடுதலையாகி வெளியே வந்தது. மஞ்சள் கால் ஒன்று திருப்பி ஒரு போடு போட்டதில் ஓலைத் தட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. இரண்டு வாரம் வரை பழசும் புதுசும் தனித்தனிக் கோஷ்டியாகத்தான் மேய்ந்தன. கிழவி மட்டும் இரண்டு பக்கமும் போய் வந்ததாம். ராத்திரியில் கீழ்க் கம்பு புதுசுகளுக்கு, மேல் கம்பு சீனியர்களுக்கு. ஜூலையில் கீரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஏழு ஆறானது. அம்மா அன்று சாப்பிடவில்லை என்றான். சேவலைக் குழம்பு வைத்த அதே அம்மா.

ஆகஸ்டில் முதல் வெடைமுட்டை. எலுமிச்சம்பழத்துக்குக் கொஞ்சம் பெரிசு. கூட்டில் அடைப்பெட்டி வைத்திருக்க, அது போய் இட்டது அப்பா கடலுக்குக் கொண்டுபோக மடித்து வைத்திருந்த வலைக்குள். அவர் வலையைத் தூக்க வந்தபோது மஞ்சள் கால்காரி உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். 'எந்திரிச்ச பொறவு எடுத்துட்டுப் போங்க' என்று அம்மா சொல்லிவிட்டார். படகில் ஆள் கூப்பிடுகிறார்கள், அப்பா அரை மணி நேரம் வலைக்குப் பக்கத்தில் பீடி பிடித்துக்கொண்டு நின்றாராம்.